நோன்பும் தீண்டாமையும்

பழம்பெரும் நகரம் ஒன்றுக்குப் போகும் பயணி முதலிற் கோட்டையையும் கோயிலையும் தேடுவான் என்று வழிகாட்டி நூல்கள் கூறும். உண்மையில் அவன் முதலில் தேடுவது சோற்றையே. அதிலும், தன் சமயம் விதித்த உணவு நெறியைக் கைவிடாத ஒருவனுக்கு இந்தத் தேடல் எளிதன்று. ரோமாபுரிக்குப் போகும் யூதர், பழைய யூதர் சேரியின் ஒடுங்கிய தெருக்களில் தம் நெறிக்கு ஒத்த உணவுச்சாலையையும் பாண் சுடும் பேக்கரியையும் விசாரித்துக்கொண்டு நடக்கிறார். வெனிசு நகரிலும் இவ்வாறே. எமது சைவர் ஒருவர் இலண்டனிலோ பாரிசிலோ இறங்கியதும் மரக்கறிச் சாப்பாட்டுக்கடை எங்கே என்று கேட்கிறார். முஸ்லிம் பயணி ஹலால் என்ற எழுத்தைத் தேடுகிறார்.

இந்தத் தேடலை எவ்வாறு மதிப்பிடுவது என்பதே என் கேள்வி. எம்மிடையே இதற்கு இரண்டு விடைகள் வழங்குகின்றன. முற்போக்கு எண்ணமுடைய நண்பர் சிலர், உணவு விதிகள் யாவும் மூடப்பழக்கம், அவையே தீண்டாமையின் வேர், ஆதலால் அனைத்தையும் ஒருங்கே களைந்தெறிதல் வேண்டும் என்கின்றனர். பழைமையைப் பேணும் பெரியவர் சிலரோ இதே சமன்பாட்டை மறுபுறமாகத் திருப்பிப் போடுகின்றனர். யூதன் தன் விதிப்படி உண்ணலாம், முஸ்லிம் தன் விதிப்படி உண்ணலாம், அப்படியிருக்க நாம் மட்டும் எம் முன்னோர் வகுத்த ஆசாரத்தின்படி இன்னாருடன் உண்போம், இன்னாருடன் உண்ணோம் என்று சொன்னால் அது குற்றமா என்று கேட்கின்றனர். முடிவில் வேறுபட்டாலும் இரு சாராரும் தொடக்கத்தில் ஒன்றுபடுகின்றனர். நோன்பும் தீண்டாமையும் ஒரே பொருள் என்பது இருவருக்கும் உடன்பாடு. அந்த உடன்பாடுதான் பிழை என்பது என் கட்சி.

யூதரின் உணவு நெறியை முதலில் விளங்கிக்கொள்வோம். அந்நெறிக்குத் தக்க உணவைக் 'கோஷர்' என்பர். 'தகுதியானது' என்பது அச்சொல்லின் பொருள். விவிலியத்தின் லேவியராகமம் பதினோராம் அதிகாரமும் உபாகமம் பதினான்காம் அதிகாரமும் அதன் அடிப்படை. பிளந்த குளம்பு உடையதாயும் அசைபோடுவதாயும் உள்ள விலங்கையே உண்ணலாம். ஆதலால் ஆடும் மாடும் ஆகும், பன்றி ஆகாது. மீனில் செட்டையும் செதிலும் உள்ளவை மட்டுமே ஆகும். நண்டும் இறாலும் கணவாயும் இட்டுக் காய்ச்சும் எமது ஒடியற்கூழை ஒரு யூதர் வாயில் வைக்க முடியாது. சுறா வறையும் அவருக்கு விலக்கு. விலங்கை அறுப்பவர் அதற்கெனக் கற்றுத் தேர்ந்தவராய் இருத்தல் வேண்டும். இறைச்சியிலுள்ள இரத்தம் உப்பிட்டு நீக்கப்படுதல் வேண்டும். கீரையிலும் தானியத்திலும் பூச்சி புழு இல்லையென்று ஆய்ந்து பார்த்தல் வேண்டும். இவற்றினும் கடினமான விதி ஒன்றுண்டு. குட்டியைத் தாயின் பாலிற் சமைக்கலாகாது என்று யாத்திராகமம் கூறும் விலக்கிலிருந்து, இறைச்சியும் பாலும் ஒருபோதும் கலக்கலாகாது என்ற பெருநெறி வளர்ந்தது. ஒரே உணவில் இரண்டும் சேரலாகாது. சமைக்கும் சட்டியும் உண்ணும் தட்டும் கூட வேறு வேறாய் இருத்தல் வேண்டும்.

யாழ்ப்பாணத்து அடுக்களையை அறிந்தவருக்கு இது விநோதமாகத் தோன்றாது. 'சைவம்' என்ற ஒரே சொல்லால் சமயத்தையும் மரக்கறி உணவையும் குறிக்கும் மக்கள் நாம். எதிர்ப்பக்கத்து உணவுக்கு 'மச்சம்' என்று பெயர் வைத்திருக்கிறோம். மச்சம் காய்ச்சும் சட்டி வேறு, விரத நாட்சட்டி வேறு என்று வைத்திருக்கும் வீடுகள் இன்றும் பல. நல்லூர்க் கந்தன் திருவிழாவின் இருபத்தைந்து நாளும் மீன்சட்டி அடுப்பேறாத வீடுகள் உள்ளன. கந்தசஷ்டிக்கு முதல்நாள் வீடு கழுவி, பாத்திரம் துலக்கி, அடுப்பை மெழுகும் தாய்மார், இறைச்சிக்கும் பாலுக்கும் வெவ்வேறு அலுமாரி வைத்திருக்கும் யூதத் தாயை நன்கு விளங்கிக்கொள்வர்.

இத்தொடர்பில் வரலாற்றுச் செய்தி ஒன்றையும் நினைவுகூரலாம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், யாழ்ப்பாணத்தில் வெஸ்லியன் மிஷன் பாடசாலையை நடத்திய பேர்சிவல் பாதிரியார் விவிலியத்தைத் தமிழிற் பெயர்த்தபோது, அவருக்குத் துணைநின்றவர் நல்லூர் ஆறுமுக நாவலர். யூதரின் உணவு நெறியைக் கூறும் நூல் யாழ்ப்பாணத்திலே தமிழாகியபோது, புலாலை அறவே விலக்கிய சைவர் ஒருவரின் புலமை அதிற் பயன்பட்டது. ஒருவர் நெறியை மற்றவர் ஏற்காமலே அதனை அறிந்து மதிக்கலாம் என்பதற்கு இதைவிட அண்மையான சான்று எமக்கு வேண்டுவதில்லை.

எமக்கு அயலிலேயே யூதர் நெடுங்காலம் வாழ்ந்தனர். கி.பி. 1000ஆம் ஆண்டளவிற் சேர மன்னன் பாஸ்கர ரவிவர்மன் யோசேப்பு இரப்பான் என்னும் யூத வணிகத் தலைவனுக்கு உரிமைகள் பல வழங்கி வட்டெழுத்தில் பொறித்துக் கொடுத்த செப்பேடு இன்றும் உள்ளது. கொச்சியில் மட்டாஞ்சேரி அரண்மனையை ஒட்டி 1568இல் எழுந்த யூதப் பள்ளியும் இன்றும் நிற்கிறது. கேரளத்துக் கறி தேங்காய்ப் பாலாலானது. தேங்காய்ப்பால் மரத்தின் பால்; பசுவின் பாலன்று. ஆதலால் இறைச்சியோடு அதனைச் சேர்ப்பதற்கு விதியிலே தடையில்லை. பாலஸ்தீனத்திற் பிறந்த விதி மலபாரின் தென்னந்தோப்பில் வாழ வழி கண்டது. 1948இல் இஸ்ரேல் அரசு தோன்றியபின் கொச்சி யூதரிற் பெரும்பாலோர் அங்கே குடிபெயர்ந்தனர். இன்று எஞ்சியோரை விரல்விட்டு எண்ணிவிடலாம். யூதத் தெருவிலே நடக்கும் யூதப் பயணிக்கு அங்கே பள்ளி உண்டு, கடை உண்டு. தம் நெறிப்படி சமைக்கும் அடுப்பைக் காண்பதுதான் அரிதாகிவிட்டது. ஒரு சமூகம் ஓரிடத்தை விட்டுப் போய்விட்டது என்பதற்கு அணைந்த அடுப்பே முதலாவது அடையாளம்.

இத்தகைய பயணி என்ன செய்வார்? பழத்தையும் இளநீரையும் கொண்டு ஒருவேளைப் பசியைத் தணிப்பார். கையிற் கொண்டுவந்த காய்ந்த பாணைத் தின்பார். பேக்கரிக்குப் போனால், மாவோடு சேர்த்த கொழுப்பு எது, தட்டிற் பூசிய நெய் எது என்று கேட்பார். மனம் ஒப்பாவிடில் வாங்காது திரும்புவார். அவருடைய விதியின் விலையை அவரே செலுத்துகிறார். பசி அவருடையது, அலைச்சல் அவருடையது, கூடுதலான பணமும் அவருடையது. அவர் உண்ணாததால் வேறெவரும் பட்டினி கிடப்பதில்லை. இதையே நான் நோன்பு என்கிறேன். தன்னைத் தானே கட்டிக்கொள்வது நோன்பு. அதன் சமயக் காரணத்தை ஏற்பதும் ஏற்காததும் எம் விருப்பம். ஆயின் வசதியை விடக் கொள்கை பெரிதென்று ஒருவர் ஒவ்வொரு வேளையும் தம் நாவுக்கு நினைவூட்டிக் கொள்வதில் இழிவு எதுவுமில்லை.

இந்நோன்பின் மீது அதிகாரம் கைவைத்தபோது விளைந்த கொடுமையையும் உலகம் கண்டிருக்கிறது. 1492இல் ஸ்பெயின் தன் யூதரை வெளியேற்றியது. மதம் மாறித் தங்கியோரைச் சமய விசாரணை மன்றம் தொடர்ந்து வேவு பார்த்தது. பன்றியிறைச்சியைத் தவிர்க்கிறார்களா, செதிலில்லா மீனை ஒதுக்குகிறார்களா என்று அயலவரும் வேலைக்காரரும் கவனித்து முறையிடுமாறு பணிக்கப்பட்டனர். அடுக்களை வாசனை குற்றச்சாட்டுக்குச் சான்றாயிற்று. ரோமாபுரி யூதரை 1555இற் பாப்பரசர் நான்காம் பவுல் மதிலிட்ட சேரிக்குள் அடைத்தார். 1870 வரை அந்த அடைப்பு முற்றாக நீங்கவில்லை. இன்று பயணிகள் பாண் வாங்கும் தெரு ஒருகாலத்தில் இரவிலே வெளியிலிருந்து பூட்டப்பட்ட தெரு. ஆகவே உணவு விதிகளைக் 'களைந்தெறிதல் வேண்டும்' என்று எளிதாய்ச் சொல்லும் நண்பர், யார் களைவது, எந்த அதிகாரத்தைக் கொண்டு களைவது என்பதையும் சிந்தித்தல் வேண்டும். பிறர் அடுக்களையினுள் மூக்கை நுழைக்கும் அரசு எக்காலத்திலும் முற்போக்கு அரசாய் இருந்ததில்லை.

இனி வேறொரு பயணியைக் காண்போம். அமெரிக்காவில் 1936ஆம் ஆண்டு விக்டர் கிரீன் என்னும் நியூயோர்க் தபாற்காரர் சிறு கையேடு ஒன்றை வெளியிட்டார். கறுப்பின மக்கள் மோட்டார்க் காரிற் பயணஞ் செய்யும்போது எந்த ஊரில் எந்தக் கடை அவர்களுக்கு உணவு தரும், எந்த விடுதி இடந்தரும் என்பதைத் தொகுத்துச் சொல்லும் கையேடு அது. முப்பது ஆண்டுகள்வரை அதற்குத் தேவை இருந்தது. கறுப்பினப் பயணி தன் விதிக்கு ஏற்ற உணவைத் தேடவில்லை. எல்லாரும் உண்ணும் உணவையே அவனும் உண்ண விரும்பினான். மற்றவர்களின் விதி அவனைக் கடைக்கு வெளியே நிறுத்தியது. 1960 பெப்ரவரி முதலாந் தேதி கிரீன்ஸ்பரோ நகரில் நான்கு மாணவர்கள் வெள்ளையருக்கென ஒதுக்கிய உணவு மேசையில் அமர்ந்து கோப்பி கேட்டதும், கொடுக்கப்படாதபோது எழாமல் இருந்ததும் இதனாலேயே.

யூதப் பயணியின் பட்டியலும் கறுப்பினப் பயணியின் கையேடும் பார்வைக்கு ஒத்தவை. இரண்டிலும் உணவுக்கடைகளின் பெயர்களே உள்ளன. முன்னது, எனக்கு எது ஆகும் என்று கேட்கிறது. பின்னது, என்னை எவர் உள்ளே விடுவர் என்று கேட்கிறது. ஒன்று மனச்சாட்சியின் கேள்வி. மற்றது அவமானத்தின் கேள்வி.

யாழ்ப்பாணத்திலே இத்தகைய கையேடு எதுவும் அச்சிடப்படவில்லை. அச்சிடத் தேவையிருக்கவில்லை. எந்தக் கடையில் எங்கே நிற்கவேண்டும் என்பதை ஒடுக்கப்பட்ட மக்களின் பிள்ளைகள் நடை பழகும்போதே கற்றுக்கொண்டனர். தேநீர்க்கடையின் உள்ளே வாங்கும் மேசையும் கண்ணாடிக் கிளாசும் ஒரு சாராருக்கு. அதே கேத்தலில் கொதித்த அதே தேநீர், வெளியே நிற்பவருக்குப் போத்தலிலோ தகரப் பேணியிலோ சிரட்டையிலோ ஊற்றப்பட்டது. காசு மட்டும் ஒரே காசு. அதனைக் கடைக்காரர் கழுவி வாங்கவில்லை. பனையேறிக் கள்ளிறக்கியவரும், தோட்டத்தில் வெங்காயம் நட்டுப் பிடுங்கியவரும், துணி வெளுத்தவரும், முடி திருத்தியவரும் தம் உழைப்பால் அந்த உணவை உண்டாக்கினர். உழைப்பு உள்ளே வரலாம், உழைத்தவர் வரலாகாது என்பதே விதி. தானியத்தைத் தொட்ட கை கிளாசைத் தொட்டால் தீட்டு என்பதிற் சமயம் எதுவும் இல்லை. கூலி கொடுப்பவர் யார், கூலி வாங்குபவர் யார் என்பதை ஒவ்வொரு நாளும் நினைவூட்டும் ஏற்பாடே இருக்கிறது.

இந்த ஏற்பாட்டுக்கு எதிரான போராட்டம் நெடியது. 1920களில் யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ் சாதி வேறுபாட்டைக் கண்டித்துச் சமபந்தியை வற்புறுத்தியது. 1930ஆம் ஆண்டை ஒட்டிப் பாடசாலைகளிற் சமஆசனம் கட்டாயமாக்கப்பட்டபோது, ஒடுக்கப்பட்ட பிள்ளைகள் வாங்கில் அமர்வதைப் பொறாதோர் பாடசாலைகளை எரித்தனர். 1940களில் எழுந்த சிறுபான்மைத் தமிழர் மகாசபை கடைகளின் கதவையும் கோயில்களின் கதவையும் தட்டியது. 1957இல் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் நிறைவேறியது. உணவுக்கடையில், சலூனில், பேருந்தில், வழிபாட்டிடத்திற் சாதி காரணமாக எவரையும் மறித்தல் குற்றமாயிற்று. சட்டம் ஏட்டில் நின்றது. 1966 ஒக்டோபர் 21இல் சுன்னாகத்திலிருந்து புறப்பட்ட ஊர்வலம் பொலிசாரின் தடியடியை எதிர்கொண்டு யாழ்ப்பாணம் நோக்கி நடந்தது. அதன்பின் சங்கானையிலும் கொடிகாமத்திலும் பிற ஊர்களிலும் தேநீர்க்கடைப் பிரவேசங்கள் நிகழ்ந்தன. குடிசைகள் எரிந்தன, உயிர்கள் பலியாயின. 1968இல் மாவிட்டபுரம் கந்தசாமி கோயில் வாசல் போராட்டக்களமாயிற்று. ஒரு கிளாஸ் தேநீருக்காக மனிதர் உயிர் கொடுத்தனர் என்று கேட்டால் பிற தேசத்தார் நம்பமாட்டார்கள். தேநீருக்காக எவரும் உயிர் கொடுக்கவில்லை, கிளாசுக்காகக் கொடுத்தார்கள். கே. டானியல் தம் 'பஞ்சமர்' நாவலில் இம்மக்களின் வரலாற்றை எழுதிவைத்தமையால், இதெல்லாம் நடக்கவில்லை என்று சாதிக்க இன்று எவருக்கும் துணிவில்லை.

இவ்விரண்டையும் பக்கத்திற் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது உரைகல் ஒன்று கிடைக்கிறது. விதி யாரைக் கட்டுகிறது? அதன் விலையைச் செலுத்துபவர் யார்? வகுத்துக்கொண்டவரையே கட்டி, அவரிடமே விலையை வாங்குவது நோன்பு. வகுத்தவரை உயரத்தில் இருத்தி, வகுப்பதிற் பங்கில்லாதவரிடம் விலையை வாங்குவது தீண்டாமை. மச்சம் உண்ணேன் என்று சொல்வது நோன்பு. மச்சம் உண்பவன் என் கிணற்றில் அள்ளலாகாது என்பது தீண்டாமை. இரண்டிலும் 'சுத்தம்' என்ற சொல்லே வழங்குவதால் நாம் மயங்குகிறோம்.

ஆயின் இந்த உரைகல்லை யூதரின் நெறியிலும் உரைத்துப் பார்க்காவிடில் நான் நேர்மையற்றவனாவேன். அந்நெறியிலும் பொருளைப் பற்றிய விதிகள் மட்டுமன்றி ஆளைப் பற்றிய விதிகளும் உண்டு. யூதரல்லாதார் கையாண்ட திராட்சை மதுவைப் பழைய ஆசாரம் விலக்கியது. அவர்கள் தனித்துச் சமைத்த உணவிலும் சுட்ட பாணிலும் கட்டுப்பாடுகள் வகுத்தது. எமது பெரியவர் இதனை எடுத்துக்காட்டி, 'அங்கேயும் சமைத்த கை பார்க்கப்படுகிறதே' என்று கேட்டால் இல்லையென்று மறுக்கமுடியாது. அந்நியரிடையே சிறுபான்மையாய்ச் சிதறி வாழ்ந்த மக்கள், கலந்து கரைந்துபோகாதிருக்கப் போட்டுக்கொண்ட வேலி அது என்று விளக்கலாம். விளக்கம் வேறு, நியாயம் வேறு. ஒருவனுடைய கையால் உண்ணேன் என்பது அவன் மனத்தைப் புண்படுத்தவே செய்யும். எனினும் ரோமாபுரி யூதர் தம் பாணைத் தாமே சுட்டதால் ரோமர் எவரும் பாணின்றி இருக்கவில்லை. எவருடைய கூலியும் குறையவில்லை. எவரும் தெருவை விட்டு விலகி நடக்கவில்லை. வேலி போட்டவர்தாம் அதனுள் ஒடுங்கினார். யாழ்ப்பாணத்தில் நடந்தது இதற்கு எதிர். ஊரின் நிலமும் கிணறும் கடையும் கோயிலும் தம் கையில் வைத்திருந்தோர், அவை இல்லாதோரைப் பார்த்து, நாம் எம் ஆசாரத்தைப் பேணுகிறோம் என்றனர். எல்லாவற்றையும் வேலிக்குள் அடைத்துவிட்டு வெளியே நிற்பவனிடம், உனக்கும் ஒரு வேலி போட்டுக்கொள் என்று சொல்வது பரிகாசம்.

யூதரும் இதற்கு விலக்கானவர் அல்லர். கொச்சியிலே வெள்ளை யூதர் என்று தம்மைச் சொல்லிக்கொண்டோர், விடுவிக்கப்பட்ட அடிமைகளின் வழித்தோன்றல்களைத் தம் பள்ளியில் ஒப்ப அமரவிடவில்லை. ஒரே வேதத்தை ஓதி, ஒரே உணவு விதியைக் கைக்கொண்டோரிற் சிலர் வாங்கிலும் சிலர் தரையிலும் இருந்தனர். அம்மக்களிடையே பிறந்து வழக்கறிஞராகிய ஆபிரகாம் பராக் சேலம் (1882–1967) காந்தியடிகளின் வழியிற் பள்ளியினுள்ளேயே சத்தியாக்கிரகம் செய்தார். 'யூத காந்தி' என்று அழைக்கப்பட்டார். தடைகள் படிப்படியாகவே தளர்ந்தன. ஐரோப்பாவிற் சேரியில் அடைக்கப்பட்டோரின் உறவினர், மலபாரிற் பிறரைத் தரையில் இருத்தினர். துன்பப்பட்ட சமூகம் என்பதால் ஒருவர் விதி தானாகவே நீதியுள்ளதாகிவிடாது என்பதை ஈழத்தமிழராகிய நாம் குறித்துக்கொள்ளுதல் நன்று.

கடைகளில் தொங்கும் அறிவிப்புப் பலகையிலும் இதே வேறுபாடு உண்டு. 'இங்கே சைவ உணவு மட்டும்', 'இங்கே ஹலால் உணவு', 'இங்கே கோஷர்' என்பன உணவைப் பற்றிய அறிவிப்புகள். படித்தவர் விரும்பினால் உள்ளே வரலாம், விரும்பாவிடில் போகலாம்; பலகை எவரையும் இழிவு செய்யவில்லை. உணவைவிட்டு ஆளைச் சுட்டும் பலகைகளும் உண்டு. 1957இற் சென்னை திருவல்லிக்கேணியில் உணவுக்கடைப் பெயரிலிருந்த 'பிராமணாள்' என்ற சொல்லை எதிர்த்துப் பெரியாரின் தொண்டர்கள் நாள்தோறும் மறியல் செய்து சிறைசென்றதும் அதனாலேயே. மரக்கறி உணவை எவரும் எதிர்க்கவில்லை, அச்சொல்லையே எதிர்த்தனர். அண்மையில், 2024 ஜூலையில், உத்தரப் பிரதேசத்திற் காவடி யாத்திரை செல்லும் வழியிலுள்ள கடைகள் உரிமையாளர் பெயரை எழுதிவைக்கவேண்டும் என்று அதிகாரிகள் பணித்தனர். முஸ்லிம்களின் கடைகளை அடையாளங் காட்டுதலே அதன் பயன் என்பதை எல்லாரும் உணர்ந்தனர். ஜூலை 22இல் இந்திய உச்ச நீதிமன்றம் அதற்கு இடைக்காலத் தடை விதித்து, எத்தகைய உணவு என்பதைக் காட்டுதல் போதும், பெயரைக் காட்டுமாறு வற்புறுத்தலாகாது என்றது. இதைவிடத் தெளிவாக இக்கட்டுரையின் கருத்தை என்னாற் சொல்லமுடியாது.

எண்ணிக்கையிலும் அதிகாரத்திலும் மிகுந்தோர் கையில் நோன்பு எவ்வளவு விரைவில் ஆயுதமாகிறது என்பதற்கு எம் காலமே சாட்சி. 2015இல் உத்தரப் பிரதேசத் தாத்திரியில், வீட்டில் மாட்டிறைச்சி வைத்திருந்தார் என்ற ஐயத்தின்பேரில் முகம்மது அக்லாக் என்பவர் கும்பலொன்றினால் அடித்துக் கொல்லப்பட்டார். ஸ்பெயின் விசாரணை மன்றம் முகர்ந்த அதே அடுக்களை வாசனை! எமது நாட்டில் 2013இல், ஹலால் சான்றிதழை எதிர்த்துப் பௌத்த தீவிரவாத அமைப்புகள் எழுப்பிய கூச்சலில் ஜம்இய்யத்துல் உலமா சபை அச்சான்றிதழ் வழங்குதலைக் கைவிட நேர்ந்தது. முஸ்லிம் ஒருவர் தமக்கு ஆகும் உணவு எது என்று அறிந்துகொள்வதால் பௌத்தர் எவரும் எதையும் இழக்கவில்லை. 2020இல் மாடறுப்பைத் தடைசெய்யும் யோசனைக்கு அமைச்சரவை கொள்கையளவில் இணங்கியபோது, எம்மவருள்ளும் சிலர் அகமகிழ்ந்தனர். பசுவின் மீது அன்பு கொண்டு புலாலை விடுபவரை நான் வணங்குவேன். அந்த அன்பு அயலவன் தட்டின்மீது பாயும்போது, அது பசுவின்மீது கொண்ட அன்பா அயலவன்மீது கொண்ட வெறுப்பா என்று கேட்பேன்.

இதனைக் கேட்கும் தகுதி எமக்கு உண்டா என்றும் பார்த்தல் வேண்டும். 1990 ஒக்டோபரில் யாழ்ப்பாணத்து முஸ்லிம்கள் சில மணி நேர அவகாசத்திலே விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டனர். சோனகத் தெருவின் வீடுகளில் அடுப்புகள் ஒரே நாளில் அணைந்தன. பின்வந்த ஆண்டுகளில் யாழ்ப்பாணம் என்ற பழைய நகருக்கு முஸ்லிம் பயணி ஒருவர் வந்திருந்தால், ஹலால் உணவு தரும் கடை எங்கே என்று யாரிடம் கேட்டிருப்பார்? கொச்சியில் யூதர் தாமாகப் போனதால் அடுப்பு அணைந்தது; இங்கே நாம் பார்த்திருக்க அணைக்கப்பட்டது. திரும்பி வந்தோர் மீண்டும் அடுப்பு மூட்டியிருக்கின்றனர். அதனை வரவேற்பது நாம் அவர்களுக்குச் செய்யும் தயவன்று.

'பசி வந்தால் சாதி பறக்கும், காலம் எல்லாவற்றையும் சரிசெய்யும்' என்று சொல்லி அமைதியடைவோரும் உளர். 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமம் முழுவதும் ஒரே இரவில் தெருவுக்கு வந்தது. அச்சுவேலியிலிருந்தும் கோப்பாயிலிருந்தும் தென்மராட்சி நோக்கி நடந்தோர், யார் காய்ச்சிய கஞ்சி என்று கேட்டுக் குடிக்கவில்லை. ஊர் திரும்பியபின் கிணறுகளும் பந்திகளும் பழைய நினைவுக்குத் திரும்பவில்லையா? பசி சாதியை மறக்கச் செய்யும், ஒழிக்காது. நிறைந்த வயிற்றோடும் தெளிந்த மனத்தோடும் செய்யவேண்டிய வேலை அது.

எமது மரபிலேயே அதற்கான வித்து இல்லாமலில்லை. அச்சுவேலிக்கு அண்மையிலே, தொண்டைமானாற்றங்கரையில், செல்வச்சந்நிதி முருகனை மக்கள் 'அன்னதானக் கந்தன்' என்கின்றனர். அங்கே பூசை செய்வோர் பிராமணர் அல்லர். வாயைத் துணியாற் கட்டிக்கொண்டு பூசை செய்யும் மரபினர். மடங்களிற் சோறு இடுகின்றனர். அச்சோறு சைவச்சோறு. மச்சம் உண்பவரும் அங்கே அன்றைக்குச் சைவமே உண்கிறார். உணவு என்ன என்பதில் விதி இருக்கிறது. உண்பவன் யார் என்பதில் விதி இல்லாதிருக்கும்போதே அது அன்னதானம் ஆகிறது. இரண்டும் ஒரே பந்தியில் அமைய முடியும் என்பதை அறியத் தத்துவ நூல் வேண்டுவதில்லை. அங்கே போய் இலையின் முன் அமர்ந்தால் போதும்.

இதிலிருந்து இரண்டு கடமைகள் பிறக்கின்றன. பிறருடைய நோன்புக்கு இடம் விடுதல் ஒன்று. எம் ஊருக்கு இன்று பல தேசத்தாரும் வருகின்றனர். முஸ்லிம் விருந்தினர் கேட்கும் கேள்விக்கும், யூதப் பயணி கேட்கும் கேள்விக்கும், மரக்கறி மட்டும் உண்ணும் எவர் கேட்கும் கேள்விக்கும், சமைப்பவர் உண்மையான விடை சொல்லுதல் வேண்டும். ஒரே அகப்பையை இரண்டு சட்டியிலும் இட்டுவிட்டுச் 'சுத்த சைவம்' என்று சொல்லுதல் அவர் மனச்சாட்சியைத் திருடுதலாகும். ஓர் அரசின் கொடுமையை எதிர்த்து வீதியில் இறங்குவது வேறு. அந்த அரசின் சமயத்தைச் சேர்ந்த வழிப்போக்கனின் தட்டைத் தட்டிவிடுவது வேறு. முன்னதைச் செய்யும் உரிமை எமக்குண்டு. பின்னதற்கு எவருக்கும் உரிமையில்லை.

எம்முடைய நோன்புக்குள் ஒளிந்திருக்கும் தீண்டாமையைத் தேடிப் பிடித்தல் மற்றக் கடமை. அது எளிதன்று. கடையிலே போத்தலும் சிரட்டையும் இன்று இல்லை. சட்டமும் போராட்டமும் அவற்றை அகற்றின. வீட்டின் அடுக்களைக்குள் சட்டம் வருவதில்லை. கலியாண வீட்டிற் சமைக்க எவரை அழைக்கிறோம், எவரை அழைப்பதில்லை? 'சைவ உணவு உண்போருக்கு மட்டும்' என்று வாடகை வீட்டுக்கு விளம்பரம் செய்பவர் உணவைத்தான் கேட்கிறாரா, சாதியையும் சமயத்தையும் அந்தச் சொல்லாற் கேட்கிறாரா? வேலி அடைக்க வந்தவர் வெயிலில் நின்று தண்ணீர் கேட்கும்போது, கை எந்தச் செம்பை எடுக்கிறது? அலுமாரியில் உள்ளதையா, கிணற்றடியிற் கவிழ்த்துக் கிடப்பதையா? மூக்குப்பேணியால் அண்ணாந்து குடித்த காலத்தில் எல்லாரும் உதடு படாமற் குடித்தனர். அது பொதுவான சுத்தம். ஒருவருக்கு மட்டும் வேறு பேணி என்றபோதுதான் அது அவமதிப்பாயிற்று. விரத நாளுக்கு வேறு சட்டி வைத்திருங்கள், அதில் எவருக்கும் நட்டமில்லை. மனிதருக்கு வேறு கோப்பை வைத்திருந்தால், அந்த வீட்டில் எத்தனை விரதம் பிடித்தும் பயனில்லை.